மூளைக்கு வரைபடம் தந்தவர்கள்

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் புக்கிட் செலம்பாவ். அதன் சுற்றுவட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. இத்தகைய தோட்டங்களை நடத்துவோருக்கு வரைபடம் இன்றியமையாதது. எந்தக் காடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தக் காட்டில் எந்த ஆண்டு கன்று நடப்பட்டது, ஆறும் சாலையும் எவ்வழியே செல்கின்றன என்பனவற்றை அது காட்டும். நோயுற்ற மரங்களை வெட்டி அகற்ற வேண்டிய நேரத்தில் அதன் அருமை நன்கு புலப்படும். வரைபடம் இன்றிக் காட்டுக்குள் புகுபவர், பால் சுரக்கும் நல்ல மரங்களையும் சேர்த்து வீழ்த்திவிடக்கூடும்.

மனித மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் இதே இக்கட்டு உண்டு. மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கிறது. பார்வைக்கு அம்மடிப்புகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், ஒரு மடிப்பு கையை அசைக்கிறது. இன்னொரு மடிப்பு தொடுவதை உணர்கிறது. வேறொன்று வேண்டிய சொல்லைத் தேடித் தருகிறது. எந்த இடம் எந்த வேலையைச் செய்கிறது என்பதை அறியாமல் கத்தி வைத்தால், நோய் நீங்கினாலும் நோயாளி பேச்சையோ கைகால் அசைவையோ இழந்துவிடலாம். இன்று மூளைக்கும் வரைபடம் இருக்கிறது. அதை வரைந்தவர்கள் மருத்துவர்கள். அதற்கு வேண்டிய செய்திகளைத் தந்தவர்களோ வலிப்பு நோயாளிகள்.

வலிப்பு நோய் அரிதான நோயன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பேச்சு வழக்கில் இதனைக் ‘காக்காய் வலிப்பு’ என்பர். காக்கைக்கும் இந்நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘கால் கை வலிப்பு’ என்னும் தொடரே மக்கள் நாவில் ‘காக்காய் வலிப்பு’ என மருவியது என்பர். பெயர் திரிந்ததைப் போலவே நோயைப் பற்றிய உண்மையும் திரிந்துவிட்டது. இது பேய் பிடித்ததால் வருவது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றெல்லாம் சிலர் நம்பினர். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக் கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிக்கும் பழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இரும்பு வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அவ்வாறு அடங்கும் நேரத்தில் கையில் இருந்த சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

உண்மையில் வலிப்பு மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் கோளாறு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை நுண்ணிய மின்துடிப்புகளாலும் வேதிப்பொருள்களாலும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. வழக்கமாக ஒவ்வோர் அணுவும் தன் முறை வரும்போது மட்டுமே துடிக்கும். ஒரு வகுப்பில் மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் கருத்து விளங்கும். அனைவரும் ஒரே நேரத்தில் கூச்சலிட்டால் எதுவும் விளங்காது. அதுபோல, மூளையின் ஒரு பகுதியில் உள்ள நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. அக்கூச்சல் மூளை முழுவதும் பரவினால் நினைவு தப்பி உடல் வெட்டி இழுக்கும். ஓரிடத்திலேயே நின்றுவிட்டால் ஒரு கை மட்டும் துடிக்கலாம் அல்லது சற்று நேரம் பார்வை வெறித்து நிற்கலாம்.

முறையாக மருந்து உட்கொண்டால் வலிப்பு நோயாளிகளில் பெரும்பாலோர் வலிப்பின்றி வாழ முடியும். ஆயினும், மூவரில் ஏறத்தாழ ஒருவருக்கு மருந்தினால் மட்டும் வலிப்பு முழுமையாக அடங்குவதில்லை. கூரிய உளியைக் கையில் பிடித்துப் பால்மரம் வெட்டுபவருக்கும், அடுப்படியில் நிற்பவருக்கும், ஆற்றில் குளிப்பவருக்கும் ஒரு நொடி நினைவு தப்புவதே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இவர்களுள் சிலருக்கு வலிப்பு தோன்றும் இடத்தை அறுவைச் சிகிச்சையால் அகற்றுவது நல்ல தீர்வாக அமைகிறது. அங்கேதான் வரைபடத்தின் தேவை எழுகிறது. வலிப்பு தோன்றும் இடம் எது? அதன் பக்கத்தில் இருக்கும், தொடக்கூடாத இடம் எது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தெரிந்தாக வேண்டும்.

முதல் தடயத்தை நோயே காட்டிக்கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் பணியாற்றிய ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்னும் மருத்துவர், வலிப்பு நோயாளிகளைப் பொறுமையாகக் கவனித்தார். சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் தொடங்கியது. பிறகு கை, முழங்கை, முகம் என ஓர் ஒழுங்கில் பரவியது. மூளையில் விரல், கை, முகம் ஆகியவற்றை இயக்கும் இடங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால்தான் வலிப்பு இவ்வாறு வரிசையாக நடைபோடுகிறது என்று அவர் உய்த்துணர்ந்தார். மூளையைத் திறந்து பார்க்காமலே அவர் எட்டிய முடிவு இது.

1870-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஷ், ஹிட்சிக் ஆகிய இருவரும் நாயின் மூளைமீது மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் கண்டனர். ஜாக்சனின் கருத்துக்கு அது சான்றாக அமைந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், ராபர்ட்ஸ் பார்த்தோலோ என்னும் மருத்துவர் இச்சோதனையை ஒரு பெண் நோயாளியிடம் செய்தார். புற்றுநோய்ப் புண்ணால் அப்பெண்ணின் மண்டையோடு அரிக்கப்பட்டு மூளை வெளியே தெரிந்தது. மின்சாரத்தைக் கூட்டியபோது அவருக்குக் கடும் வலிப்பு உண்டாயிற்று. சில நாள்களில் அவர் இறந்தார். அச்சோதனை அவருடைய நோயைத் தீர்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. மருத்துவ உலகம் அதனைக் கண்டித்தது. பார்த்தோலோவும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். அறிவு வளர்வது நன்றே. ஆனால், ஒருவரின் துன்பத்தைக் கருவியாக்கி அதனை வளர்க்கக் கூடாது என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி விட்டுச்சென்றது.

அப்பாடத்திற்கு ஏற்ற வழியில் மூளையின் வரைபடத்தை விரிவாக்கியவர் வைல்டர் பென்ஃபீல்டு. 1891-இல் அமெரிக்காவில் பிறந்த அவர், பின்னாளில் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் பணியாற்றினார். 1928-ஆம் ஆண்டில் அவர் சந்தித்த ஒரு நோயாளி அவருடைய சொந்த மூத்த சகோதரி. அவருக்கு ஏற்பட்ட வலிப்புக்கு மூளைக் கட்டியே காரணம் என்று தெரிந்தது. பென்ஃபீல்டே அறுவைச் சிகிச்சை செய்தார். கட்டியை முழுவதுமாக அகற்ற இயலவில்லை. சில ஆண்டுகளில் சகோதரி இறந்தார். மூளையைப் பற்றித் தாம் அறிந்தது போதாது என்னும் எண்ணம் பென்ஃபீல்டின் உள்ளத்தில் வேரூன்றியது. நரம்பியல் மருத்துவர்களும் அறிவியலாளர்களும் ஒரே கூரையின்கீழ் பணியாற்ற வேண்டும் என்னும் நோக்குடன், 1934-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மாண்ட்ரியால் நரம்பியல் கழகத்தை அவர் நிறுவினார்.

பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது அவர்களை உறங்கவைக்கவில்லை. கேட்பதற்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால், மூளைக்குத் தன்மீது படும் வலியை உணரும் நரம்புகள் இல்லை. தலைத்தோலுக்கும் மூளையைச் சூழ்ந்த உறைக்குமே வலி தெரியும். அதனால், வெட்டும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நோயாளியை விழிப்பிலேயே வைத்திருக்க முடிந்தது. பிறகு மெல்லிய மின்முனை ஒன்றால் மூளையின் ஓரிடத்தைத் தொட்டு, மிகச் சிறிய அளவில் மின்சாரம் செலுத்தினார். நோயாளியிடம் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவருக்குப் பெருவிரல் துடித்தது. ஒருவருக்கு நாக்கு கூசியது. நோயாளி சொன்னதும் அந்த இடத்தில் எண் எழுதிய சிறு தாள் துண்டு வைக்கப்பட்டது. எந்த எண்ணில் என்ன நேர்ந்தது என்பது உடனுக்குடன் எழுதப்பட்டது. சிகிச்சை முடிவதற்குள் அந்த நோயாளியின் மூளைக்கு ஒரு வரைபடம் உருவாகிவிடும். நிலத்தை அளப்பவர் கல் நட்டு எல்லை குறிப்பதைப் போன்ற வேலை அது.

இம்முறையில் மருத்துவருக்கு இரட்டை நன்மை கிடைத்தது. மின்முனை பட்டதும், வழக்கமாக வலிப்புக்கு முன் தோன்றும் அதே உணர்வு நோயாளிக்கு வந்தால், நோயின் பிறப்பிடம் அருகில் இருக்கிறது என்று கருத இடமுண்டு. பேச்சோ அசைவோ பாதிக்கப்பட்டால், அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று தெரியும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கலையில் வல்லவரான ஹெர்பர்ட் ஜாஸ்பரும் பென்ஃபீல்டுடன் இணைந்தார். மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் 1924-இல் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவர் காட்டிய வழி, வலிப்பின் பிறப்பிடத்தைத் தேடும் பணிக்குப் பெரிதும் துணைபுரிந்தது.

பல நோயாளிகளின் செய்திகளை ஒன்றாகத் தொகுத்து, பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் 1937-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. இயக்கத்திற்கான மடிப்பின் உச்சியில் காலுக்கும், நடுவில் கைக்கும், கீழே முகத்திற்கும் நாக்குக்கும் இடம் இருக்கிறது. உடல் தலைகீழாகக் கிடப்பதைப் போன்ற அமைப்பு இது. அதிலும் ஒரு வியப்பு உண்டு. உடலில் பெரிய உறுப்புக்கு மூளையில் பெரிய இடம் கிடைப்பதில்லை. நுட்பமான வேலை செய்யும் உறுப்புக்கே பெரிய இடம் கிடைக்கிறது. முதுகு முழுவதற்கும் உள்ள இடத்தைவிட விரல்களுக்கும் உதடுகளுக்கும் உள்ள இடம் மிகுதி. இக்கணக்கின்படி ஹார்டென்ஸ் கேன்ட்லி என்னும் ஓவியர் வரைந்த மனித உருவம், பெரிய கைகளும் தடித்த உதடுகளும் சிறுத்த உடலுமாகக் காட்சியளிக்கிறது. பட்டையின் அடியில் இருக்கும் மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவும் பால்வெட்டுத் தொழிலாளியின் கைக்கு மூளை ஏன் இவ்வளவு இடம் ஒதுக்குகிறது என்பது இப்போது விளங்கும்.

பேச்சைப் பற்றிய சோதனை இதனினும் நுட்பமானது. நோயாளியிடம் ஒவ்வொரு படமாகக் காட்டிப் பெயரைக் கேட்பார்கள். மின்முனை சில இடங்களைத் தொடும்போது, படத்தில் உள்ள பொருள் தெரிந்தும் அதன் பெயர் வாயில் வராது. பென்ஃபீல்டின் நோயாளி ஒருவருக்கு வண்ணத்துப்பூச்சியின் படம் காட்டப்பட்டது. அவரால் பெயர் சொல்ல முடியவில்லை. எரிச்சலுடன் விரலைச் சொடுக்கினார். மின்சாரம் நின்றதும் சொல் வந்துவிட்டது. அந்தச் சொல் கிடைக்காததால் அந்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்லையாவது தேடிப் பார்த்ததாகவும், அதுவும் கிடைக்கவில்லை என்றும் அவர் விளக்கினார். பொருளை அறிவதும் அதன் பெயரைச் சொல்வதும் மூளைக்கு இருவேறு வேலைகள் என்பதை எந்தக் கருவியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அதைச் சொன்னவர் அறுவை மேசையில் படுத்திருந்த நோயாளி.

காதுக்கு அருகே உள்ள பொட்டு மடலைத் தொட்டபோது, வேறு சிலருக்குப் பழைய பாடல் கேட்டது. தெரிந்தவரின் குரல் கேட்டது. இது எல்லாருக்கும் நிகழவில்லை. பொட்டு மடலில் சோதிக்கப்பட்ட 520 பேரில் 40 பேர் மட்டுமே இத்தகைய அனுபவங்களைக் கூறினர். அவை உண்மையான நினைவுகளா, கனவு போன்ற தோற்றங்களா என்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மாண்ட்ரியாலில் வளர்ந்த இக்கலை தமிழ் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பலரின் முன்னோர் வாழ்ந்த இடங்களுள் ஒன்று வட ஆர்க்காடு மாவட்டம். முன்பு அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேரளத்தில் 1910-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஜேக்கப் சாண்டி, மாண்ட்ரியால் சென்று பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல் தாயகம் திரும்பி, 1949-இல் வேலூரில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவிய நால்வருள் அவரும் ஒருவர். சென்னையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சையை வளர்த்த பி. இராமமூர்த்தி மற்றொருவர். 1952-இல் வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையை வேலூரில் சாண்டி மேற்கொண்டார். பேய் ஓட்டுவதற்காக அழைத்துச் செல்லப்பட்ட நோயாளிகளுக்கு மருத்துவமனையின் கதவு திறந்தது.

மூளை வரைபடக் கலை அதன்பின் மேலும் வளர்ந்தது. இன்று பல நோயாளிகளுக்கு மெல்லிய மின்முனைகளை மூளையில் பொருத்தி, மருத்துவமனைக் கட்டிலில் சில நாள்கள் வைத்திருந்து கவனிக்கிறார்கள். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அம்மின்முனைகள் பதிவு செய்கின்றன. அவற்றின் வழியாகவே சிறிதளவு மின்சாரம் செலுத்தி, எந்த இடம் என்ன வேலை செய்கிறது என்றும் சோதிக்கின்றனர். காந்த அதிர்வுப் படம் எடுக்கும் கருவியும் துணைக்கு வந்துள்ளது. படம், ஒரு வேலையின்போது எந்தெந்த இடங்கள் சுறுசுறுப்பாகின்றன என்பதைக் காட்டும். அவற்றுள் எந்த இடம் பழுதானால் அந்த வேலை நின்றுபோகும் என்பதை மின்தூண்டல் சோதனையே நேரடியாகக் காட்டுகிறது.

பன்மொழி பேசும் மலேசியர்களுக்குப் பயன்தரும் செய்தி ஒன்றும் இத்துறையில் உண்டு. 1978-இல் ஹாரி விட்டேக்கர், ஜார்ஜ் ஓஜெமன் ஆகியோர் இருமொழி அறிந்த நோயாளிகள் இருவரின் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். சில இடங்களைத் தூண்டியபோது இரண்டு மொழிகளிலும் பெயர் சொல்வது தடைபட்டது. வேறு சில இடங்களில் ஒரு மொழி மற்றதைவிட மிகுதியாகத் தடைபட்டது. ஆகவே, ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு மற்ற மொழியும் காப்பாற்றப்பட்டது என்று கூற முடியாது. வீட்டில் தமிழும் வேலையிடத்தில் மலாயும் பேசும் ஒருவருக்கு இச்சோதனை நடந்தால், இரு மொழிகளிலும் படங்களின் பெயரைக் கேட்பதே முறை. தாயிடம் பேசும் மொழியும் காப்பாற்றப்பட வேண்டிய உடைமைதான்.

இத்தனை உயர்ந்த மருத்துவமும் நோயாளியைச் சென்றடைய வேண்டுமானால், அவருடைய ஊரார் முதலில் உண்மையை அறிந்திருக்க வேண்டும். நோயை மறைத்து வைக்கும் குடும்பத்தில் மருந்தும் தாமதமாகிறது. பிள்ளையின் படிப்பும் தடைபடுகிறது. பள்ளியிலோ தோட்டத்திலோ ஒருவருக்கு வலிப்பு வந்தால் செய்ய வேண்டியவை எளியவை. அருகில் உள்ள கூரிய பொருள்களை அகற்ற வேண்டும். தலைக்கு அடியில் மென்மையான துணியை வைக்க வேண்டும். வாய்க்குள் கரண்டியோ துணியோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. இயன்றவுடன் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் வலிப்பு நீடித்தால் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். நினைவு திரும்பும்வரை அவருடன் இருக்க வேண்டும். வலிப்பு அடங்கிய பின், எப்படித் தொடங்கியது, எந்தக் கை முதலில் துடித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று மருத்துவரிடம் சொல்வது பேருதவியாகும். ஜாக்சன் தம் ஆய்வைத் தொடங்கியதும் அத்தகைய கவனிப்பிலிருந்துதான்.

கைக்கு ஓரிடம், சொல்லுக்கு ஓரிடம் என்று உலகம் இன்று அறிந்திருப்பதற்குப் பின்னால், திறந்த மண்டையோடு அறுவை மேசையில் விழித்திருந்து, தாம் உணர்ந்ததை உள்ளபடி சொன்ன எத்தனையோ மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. தங்கள் நோய் நீங்க வேண்டும் என்று வந்தவர்கள், பின்னால் வரும் நோயாளிகளுக்கும் வழி காட்டிச் சென்றார்கள். வலிப்பு நோயாளியைக் கண்டு விலகி நடப்பவர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், விலகிய கால்கள் உதவிக்கு அருகில் வரும்.